சட்டமன்றத்தில் ஒரு கேள்வி: அது நம் ஊருக்கு வரும் வழி

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஊர்த் திருவிழா முடிந்த சில நாட்களில் கோயில் மண்டபத்தில் ஊரார் கூடுவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். வரிப் பணம் எவ்வளவு சேர்ந்தது, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மிச்சம் யார் கையில் இருக்கிறது என்று கணக்கு வாசிக்கப்படும். வாசித்து முடித்ததும் யாரேனும் ஒருவர் எழுந்து, "வாணவேடிக்கைக்கு இவ்வளவு எழுதியிருக்கிறதே, ரசீது இருக்கிறதா?" என்று கேட்பார். கணக்கு வைத்திருப்பவர் ரசீதை எடுத்துக் காட்டுவார்; இல்லையென்றால் இல்லையென்று ஒப்புக்கொள்வார். கேட்டவரை ஊரார் பகைவராக எண்ணுவதில்லை. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதனாலேயே மறு ஆண்டும் மக்கள் நம்பிக்கையுடன் வரி கொடுக்கிறார்கள்.

இதே காரியம் பெரிய அளவில் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் நடைபெறுகிறது. அங்கே கணக்கு வைத்திருப்பவர் அமைச்சர். கேட்பவர் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய அங்கத்தினர். மத்திய அமைச்சரவை மக்களவைக்கும், மாநில அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்கும் கூட்டாகப் பொறுப்புடையது என்று நமது அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி அரசாங்கக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுத்துச் செலவிட இயலாது. பணத்தைக் கொடுக்க அதிகாரம் பெற்றவர்களுக்கு, அந்தப் பணம் என்னவாயிற்று என்று கேட்கவும் உரிமை இருத்தல் வேண்டுமல்லவா? அந்த உரிமையே கேள்வி கேட்கும் உரிமை.

இது தலைநகரத்துச் சங்கதி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் எண்ணிவிடலாகாது. அங்கே கேட்கப்படும் கேள்விகளில் பல, நம் ஊர்க் கண்மாயையும் சாலையையும் குடிநீர்க் குழாயையும் பற்றியவை. அவற்றுக்குரிய விடையும் நம் ஊரிலிருந்துதான் போகிறது.

கேள்வி பிறந்த வரலாறு

ஆங்கில நாட்டில் இவ்வழக்கம் தோன்றியதும் பணத்தைப் பற்றிய ஒரு கவலையினால்தான். 1720-ஆம் ஆண்டில் தென்கடல் கம்பெனி என்னும் பெரும் வியாபார நிறுவனத்தின் பங்கு விலை சரிந்து, அதில் பணம் போட்ட பலர் ஏழைகளானார்கள். அதன் தலைமைக் காசாளர் நாட்டை விட்டே ஓடிவிட்டார். அவர் வெளிநாட்டில் பிடிபட்டதாக வந்த செய்தி உண்மையா என்று 1721-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு எழுந்து அரசாங்கத்தைக் கேட்டார். பதிவேட்டில் காணப்படும் முதல் நாடாளுமன்றக் கேள்வி இதுவே என்பர்.

நம் நாட்டில் 1892-ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் முதன்முதலாகச் சட்டசபை அங்கத்தினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை அளித்தது. அவ்வுரிமையைக் கொண்டு 1893-ஆம் ஆண்டில் பிங்கா அரசர் முதற் கேள்வியைக் கேட்டார். அது எதைப் பற்றியது என்று அறிந்தால் வாசகர்கள் வியப்படைவார்கள். சுற்றுப்பயணம் வரும் அரசாங்க அதிகாரிகளின் முகாம்களுக்குப் பண்டங்கள் கொடுக்க வேண்டியிருந்ததால் கிராமத்துக் கடைக்காரர்கள் பட்ட துன்பத்தைப் பற்றியது அது. இந்தியச் சட்டசபையில் எழுந்த முதற் கேள்வியே கிராமத்துக்காக எழுந்தது. அதுவும் அதிகாரிகளின் நடத்தையைப் பற்றி எழுந்தது. என் போன்ற அலுவலர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

அக்காலத்தில் கிடைத்த விடையோடு அங்கத்தினர் அமர்ந்துவிட வேண்டும். தொடர்ந்து கேட்க இடமில்லை. 1909-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் கேள்வி கேட்டவர் துணைக் கேள்வி ஒன்றும் கேட்கலாம் என்று ஆயிற்று. 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்குப் பிறகு பிற அங்கத்தினர்களும் துணைக் கேள்வி கேட்கலாயினர். வாய்மொழி விடை வேண்டும் கேள்விகளுக்கு நட்சத்திரக் குறியிடும் முறை 1921-இல் வந்தது. சிறிது சிறிதாகப் பெற்ற இந்த உரிமை, சுதந்திரத்துக்குப் பின் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகளில் முழுமை பெற்றது.

இரண்டு வகைக் கேள்விகள்

கேள்விகளில் முக்கியமானவை இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாக விடையளிக்க வேண்டும். அதன்மீது துணைக் கேள்விகள் எழும். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்து மூலம் விடை வரும். துணைக் கேள்வி இல்லை. இவையன்றி, அவசர முக்கியத்துவம் வாய்ந்த பொருளைப் பற்றிக் குறுகிய கால அறிவிப்புடன் கேட்கும் கேள்விகளும் உண்டு.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும், எழுத்து மூல விடைக்கென 230 கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். கேள்வி நேரம் ஒரு மணியே ஆதலின், 20 கேள்விகளில் சிலவற்றுக்குத்தான் வாய்மொழி விடை கிடைக்கும். எஞ்சியவற்றுக்கும் எழுத்து மூல விடை அவையின் முன் வைக்கப்படும். ஆகவே நாடாளுமன்றத்துக்கு வரும் விடைகளில் மிகப் பெரும்பாலானவை எழுத்து மூல விடைகளே.

செய்தித்தாள்களில் இடம்பெறுவது வாய்மொழி விடையும் அதையொட்டி எழும் ஆரவாரமும். ஆனால் மாவட்டவாரியாக, ஆண்டுவாரியாகப் புள்ளிவிவரம் வேண்டுபவர் நாட வேண்டியது எழுத்து மூல விடையையே. வாயால் சொல்ல முடியாத நீண்ட அட்டவணையை எழுத்தில் தரலாம். 2020 செப்டம்பரில் கொள்ளை நோயின் காரணமாக நாடாளுமன்றக் கூட்டத் தொடரில் கேள்வி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்பொழுதும் எழுத்து மூல விடைகள் மட்டும் தொடர்ந்தன. அவை எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு இதுவே சான்று.

ஒரு கேள்வியின் வலிமை

கேள்வி கேட்டு என்ன பயன் என்று ஐயுறுவோர் 1957-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டு, ஆயுள் காப்பீட்டுக் கழகம் நிறுவப்பட்டிருந்தது. அதில் சேர்ந்த பணம் சாமானிய மக்கள் மாதந்தோறும் மிச்சம் பிடித்துக் கட்டிய பணம். அந்தப் பணத்தில் ஒரு கோடியே 25 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைக் கொண்டு, ஹரிதாஸ் முந்த்ரா என்பவரைச் சேர்ந்த கம்பெனிகளின் பங்குகள் வாங்கப்பட்டன என்ற செய்தி வெளிவந்தது.

மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. முதலில் கிடைத்த விடையினால் அங்கத்தினர்கள் நிறைவடையவில்லை. மீண்டும் கேட்டார்கள். 1957 டிசம்பரில் அவையில் விவாதம் நடைபெற்றது. அதில் முன்னின்று பேசிய பெரோஸ் காந்தி ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். அன்றைய பிரதமரின் மருமகன். கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இத்தனைக்கும் வித்து, அவையில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியே.

நல்ல கேள்வி எது?

கேள்வியை ஏற்பதா, மறுப்பதா என்று தீர்மானிப்பவர் சபாநாயகர். மக்களவை விதிகளின்படி, வழக்கமான கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வி பொதுவாக 150 சொற்களுக்கு மேற்படலாகாது. அதில் வாதம், ஊகம், ஏளனம், பிறர்மீது பழி ஆகியவை இருத்தல் கூடாது. அமைச்சரின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தின் விசாரணையில் உள்ள பொருளைத் தொடக் கூடாது. முன்னரே விடையளிக்கப்பட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கலாகாது.

"விவசாயிகளை அரசாங்கம் ஏன் புறக்கணிக்கிறது?" என்பது மேடையில் கைதட்டல் பெறும். அவையில் அது கேள்வியாகாது; ஏற்கப்பட்டாலும், "புறக்கணிக்கவில்லை" என்ற ஒரு சொல்லே விடையாக வரும். அதையே வேறு விதமாகக் கேட்டுப் பார்ப்போம்:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் இன்ன ஊராட்சி ஒன்றியத்தில் எத்தனை கண்மாய்களில் மடைப் பழுது நீக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது?

(ஆ) ஒவ்வொரு பணிக்கும் ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவிட்ட தொகை எவ்வளவு?

(இ) முடியாத பணிகள் எவை? முடியாமைக்குக் காரணம் யாது?

(ஈ) அவை எந்தத் தேதிக்குள் முடிக்கப்படும்?

இந்த நான்கு பிரிவுகளில் கோபம் இல்லை. ஆனால் தப்பிச் செல்ல வழியும் இல்லை. இடம், காலம், தொகை, தேதி ஆகிய நான்கும் உள்ள கேள்விக்கு மழுப்பலான விடை எழுதுவது மிகவும் கடினம். விடை எழுதும் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் இதனைச் சொல்லுகிறேன்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். விவசாயம், நீர்ப்பாசனம், உள்ளாட்சி ஆகியவை அரசியலமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒன்றியக் கண்மாயைப் பற்றி மக்களவையில் கேட்டால், "இது மாநிலப் பொருள்" என்ற விடையோடு முடிந்துபோகலாம். அதற்குச் சட்டமன்ற அங்கத்தினரை அணுக வேண்டும். 2000-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் முதலியன மத்திய அரசாங்கத்தின் நிதியைப் பெற்று வந்தவை. அவற்றைப் பற்றி இரண்டு இடங்களிலும் கேட்கலாம்.

விடை தயாராகும் விதம்

சட்டமன்றத்தில் ஒரு கேள்வி ஏற்கப்பட்டதும் அது தலைமைச் செயலகத்தில் உரிய துறைக்கு வருகிறது. அங்கிருந்து ஊரக வளர்ச்சி இயக்குநர் அலுவலகத்துக்கும், பிறகு மாவட்ட ஆட்சியருக்கும், முடிவில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் வந்து சேர்கிறது. "மிக அவசரம், சட்டமன்றக் கேள்வி" என்று தலைப்பிட்ட தாள் வந்தால் அலுவலகத்தில் மற்ற வேலைகள் ஒதுங்கி நிற்கும். கீழிருந்து போகும் விவரமே படிப்படியாக மேலேறி அமைச்சரின் வாக்காக அவையில் ஒலிக்கிறது. கீழே பிழை இருந்தால் மேலேயும் பிழையே.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் இப்பதவிக்கு வந்த புதிதில், நான் பணியாற்றிய ஒன்றியத்தில் மூன்று கண்மாய்களின் மடை வேலையைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. மறுநாள் மாலைக்குள் விடை போக வேண்டும். பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று வேலைகளும் முடிந்ததாகவும், ஒப்பந்தக்காரருக்கு முழுத் தொகையும் கொடுக்கப்பட்டதாகவும் இருந்தது. அளவுப் புத்தகத்திலும் அவ்வாறே கையொப்பம் இருந்தது. "மூன்று பணிகளும் முடிவுற்றன" என்று எழுதித் தட்டச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

அப்பொழுது வேறொரு காரியமாக வந்திருந்த முதிய ஊராட்சி உறுப்பினர் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தார். பேச்சுவாக்கில் கண்மாயின் பெயரைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "மடை கட்டியாகிவிட்டது என்றா ஐயா எழுதுகிறீர்கள்? போன தையில் கூட மண்மூட்டை அடுக்கித்தானே தண்ணீரை அடைத்தோம்" என்றார். "பெரியவரே, பதிவேட்டில் முடிந்ததாக இருக்கிறதே" என்றேன். "பதிவேட்டுக்கு வயல் இல்லையே ஐயா" என்றார் அவர்.

அன்று மாலையே அவரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு கண்மாய்களில் வேலை செம்மையாக முடிந்திருந்தது. மூன்றாவதில் மடையின் பக்கச் சுவர் மட்டும் எழும்பியிருந்தது. ஷட்டர் பொருத்தப்படவே இல்லை. அந்த மடையின் கீழ் உள்ள வயல்களில் கடைப் பங்குக்காரர்களுக்குத் தண்ணீர் எட்டாமல் பயிர் வாடிக் கிடந்தது. இரவு அலுவலகம் திரும்பி, தட்டச்சு செய்த தாளைக் கிழித்துவிட்டு, "இரண்டு பணிகள் முடிவுற்றன, ஒன்று முடிவுறவில்லை, எனினும் முழுத் தொகையும் வழங்கப்பட்டுள்ளது" என்று எழுதி அனுப்பினேன்.

அதன் விளைவு எனக்கு இனிமையாக இருக்கவில்லை. முடியாத வேலைக்குப் பணம் போனது எப்படி என்று விளக்கம் கேட்டு எனக்கே குறிப்பாணை வந்தது. அந்தப் பட்டியலில் கையொப்பமிட்டவர்கள் எனக்கு முன் இருந்தவர்கள் என்றாலும், நேரில் பார்க்காமல் எழுதத் துணிந்த குற்றம் என்னுடையதே. ஆனால் அடுத்த மழைக்கு முன் ஷட்டர் பொருத்தப்பட்டது. அந்தக் கேள்வியைக் கேட்ட சட்டமன்ற அங்கத்தினர் அந்தக் கண்மாயைப் பார்த்திருக்கமாட்டார். விடையைப் படித்த அமைச்சரும் பார்த்திருக்கமாட்டார். பார்த்தவர் அந்த உறுப்பினர் ஒருவரே. அவர் அன்று வாய் திறவாதிருந்தால், நான் எழுதிய பொய் அமைச்சரின் வாக்காகச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பில் என்றென்றும் நின்றிருக்கும். தெரிந்தே அவைக்குப் பொய் கூறுவது உரிமை மீறலாகும். தெரியாமல் நேர்ந்த பிழையை அமைச்சர் அவையில் அறிக்கை வாயிலாகத் திருத்தலாம். எனினும் வயல் காய்ந்தபின் வரும் திருத்தத்தால் உழவனுக்கு என்ன லாபம்?

விடையைப் படிக்கும் முறை

விடையைப் படிப்பதும் ஒரு பயிற்சியே. மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒதுக்கீடு என்பது இவ்வளவு தரலாம் என்று வரவு செலவுத் திட்டத்தில் குறித்தது. விடுவிப்பு என்பது உண்மையில் அனுப்பிய பணம். செலவு என்பது வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. இவை மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. "இத்தனை லட்சம் ஒதுக்கப்பட்டது" என்ற விடையைக் கண்டு அவ்வளவும் ஊருக்கு வந்துவிட்டதாக மகிழ்வதும் தவறு. ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டு உடனே மோசடி என்று கூவுவதும் தவறு. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்" என்ற விடையும் அடிக்கடி வருவதுண்டு. இதைக் கைகழுவும் விடை என்று பலர் கருதுகிறார்கள். அவ்வாறன்று. இது ஓர் உறுதிமொழி. இத்தகைய உறுதிமொழிகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்க மக்களவையில் 1953-ஆம் ஆண்டிலேயே ஒரு குழு ஏற்பட்டது. அங்கே உறுதிமொழியை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. காலம் போதாவிட்டால் அமைச்சகம் அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. அது மாவட்டங்களுக்கு வரும்போது ஊராட்சியினர் தம் ஊரைப் பற்றிய உறுதிமொழியை நினைவூட்டலாம்.

ஊராட்சியினர் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் ஊராட்சியில் நடைபெறும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, தொடங்கிய நாள், நின்ற நாள், இன்றைய நிலை ஆகிய ஐந்தும் போதும்.

இரண்டாவது, குறை தீராவிட்டால் முதலில் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபின், 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்து 30 நாட்களில் விவரம் பெற எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. இவ்வழிகளில் தீரக்கூடியதைச் சட்டமன்றம் வரை கொண்டுபோக வேண்டியதில்லை.

மூன்றாவது, அங்ஙனம் தீராததையும், பல ஊர்களுக்குப் பொதுவானதையும் உங்கள் சட்டமன்ற அங்கத்தினரிடம் கேள்வி வடிவிலேயே எழுதிக் கொடுங்கள். நீண்ட மனுவைக் காட்டிலும் நான்கு வரிக் கேள்வி அவருக்கு உதவும். கூட்டத் தொடர் தொடங்குவதற்குப் பல நாட்கள் முன்னரே கொடுங்கள்.

நான்காவது, விடை வந்தபின் அதன் படியைப் பெற்று ஊரில் படித்துக் காட்டுங்கள். மக்களவை, மாநிலங்களவை விடைகள் இணையதளத்தில் வெளியாகின்றன. படித்த இளைஞர் ஒருவர் எடுத்துத் தருவார். விடையும் நேரில் காணும் நிலையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் ஊராரே. தணிக்கையாளர் வருவதற்கு ஆண்டுகள் ஆகலாம்; ஊரார் அங்கேயே இருக்கிறார்கள்.

ஐந்தாவதாக, கேள்விக்கு அஞ்சாதீர்கள். நாளை நீங்களும் விடையளிக்கும் இடத்தில் அமர நேரிடும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்டப்பூர்வமான இடம் அளித்துள்ளன. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஊராட்சித் தலைவர் வரவு செலவை வைக்கும்போது, கூலி வேலை செய்யும் ஒரு தாய் எழுந்து தெருவிளக்கின் செலவைக் கேட்டால், அவரும் சட்டமன்ற அங்கத்தினரைப் போன்றவரே. அவருக்கு எரிச்சலின்றி விடை சொல்லும் தலைவர், அமைச்சரிடம் விடை கேட்கும் தகுதியையும் பெறுகிறார்.

அந்த முதிய உறுப்பினரை அதற்குப் பின் பலமுறை சந்தித்தேன். அவர் ஒருபோதும் அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை எழுத அமர்ந்தாலும், "பதிவேட்டுக்கு வயல் இல்லையே" என்ற அவருடைய சொல் என் காதில் ஒலிக்கிறது. அவரைப் போலக் கண்ணால் கண்டதைச் சொல்ல ஊருக்கு ஒருவர் முன்வந்தால், சட்டமன்றத்தில் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்கும். கடைமடை வரை தண்ணீரும் பாயும்.